முற்றத்தில் படம், பந்தியில் சப்பாத்து: வீட்டில் படவிருந்து வைப்பதற்கு முழுமையான வழிகாட்டி

சின்ன வயதில் நான் பார்த்த படங்கள் எல்லாம் முற்றத்தில் பார்த்தவை. இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் அப்போது மின்சாரம் கிடையாது. ஒரு வீட்டில் சாமத்தியச் சடங்கு நடந்தாலோ, வெளிநாட்டில் இருந்து யாரும் காசு அனுப்பினாலோ, ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றும் வாடகைக்கு வந்து இறங்கும். ஒழுங்கையே பாயோடு வந்து குந்திவிடும். விடிய விடிய மூன்று படம் ஓடும். நடுவில் எண்ணெய் முடிந்து படம் நின்றால் யாராவது போத்தலோடு சைக்கிளில் பறப்பார்கள். அதுவரை பனங்கட்டி கடித்துக்கொண்டு பிளேன்ரீ, அவித்த கச்சான், ஊர்க்கதை. படத்தின் கதை எனக்கு மறந்துவிட்டது. கச்சானின் உப்பு ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

இப்போது வீட்டுக்கு வீடு கரண்ட் இருக்கிறது, ஆளுக்கொரு போனும் இருக்கிறது. ஒரே வீட்டில் நாலு பேர் நாலு படம் பார்க்கிறோம். அது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. அதனால்தான் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டு முற்றத்தில் படவிருந்து வைக்கத் தொடங்கினோம். படவிருந்து என்றால் ஒரு படம், அந்தப் படத்தோடு சேர்ந்த சாப்பாடு, பார்க்கப் பத்துப் பன்னிரண்டு பேர். சில தடவை பிழைத்தது, சில தடவை நன்றாக வந்தது. பட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் தனியாகவும் சாப்பாடு தனியாகவும் இருந்தால் அது வெறும் விருந்து. திரையில் ஒருவன் சாப்பிடும் அதே நேரத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளையும் அதைச் சாப்பிட வேண்டும். அப்படி ஓரிடம் கிடைத்துவிட்டால் மற்ற ஒழுங்குகள் எல்லாம் தானாக வந்து பொருந்தும்.

முதலில் ஆட்களை எண்ணுங்கள், பிறகு படத்தைத் தேடுங்கள்

நல்ல படம் ஒன்றைத் தெரிந்துவிட்டு அதைப் பார்க்க ஆட்களைக் கூப்பிடுவதுதான் பலர் விடும் பிழை. நானும் விட்டிருக்கிறேன். தலைகீழாகச் செய்யுங்கள். யார் வருகிறார்கள்? கண் மங்கிய அம்மம்மா இருக்கிறாரா? எழுத்துக்கூட்டி வாசிக்கும் வயதுப் பிள்ளை இருக்கிறதா? ஆங்கிலம் தெரியாதவர் எத்தனை பேர்? திரையின் அடியில் ஓடும் எழுத்தை எல்லோராலும் வாசிக்க முடியுமா?

இன்னொரு கேள்வி நம் இடத்துக்கே உரியது. வன்னியில் போரில் இழப்பு இல்லாத வீடு குறைவு. குண்டுச் சத்தமும் ஓலமும் வரும் படத்தை, வருகிறவர்களைக் கேட்காமல் போடாதீர்கள். ஒருநாள் சாதாரணமான சண்டைப் படம் ஒன்றில் ஹெலிகொப்டர் வந்த காட்சியோடு பக்கத்து வீட்டு அக்கா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் யோசித்திருக்க வேண்டும். அன்றிலிருந்து எந்தப் படத்தையும் நான் முதலில் தனியே முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் முற்றத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இத்தனையையும் எண்ணிப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த விடை பேசாப் படம். சார்லி சாப்ளின் 1925இல் எடுத்த 'த கோல்ட் ரஷ்'. சுமார் ஒன்றரை மணித்தியாலம். பனிமலையில் தங்கம் தேடிப் போனவர்களின் கதை. பசிதான் அதன் உயிர். ஆறு வயதுப் பிள்ளையும் எண்பது வயது அம்மம்மாவும் ஒரே இடத்தில் சிரிக்கிற படங்கள் அதிகம் இல்லை, இது அப்படிப்பட்டது. இந்த வழிகாட்டி முழுவதும் இதையே உதாரணமாக வைத்துப் போகிறேன். முதல் தடவை செய்கிறவர்கள் இதிலேயே தொடங்கலாம்.

கவனிக்க வேண்டியது: இந்தப் படத்துக்கு இரண்டு வடிவம் உண்டு. 1925இல் வந்தது பேசாப் படம், இடையிடையே எழுத்து அட்டைகள் வரும். 1942இல் சாப்ளின் அதைச் சுருக்கி, இசை சேர்த்து, தன் குரலிலேயே ஆங்கிலத்தில் கதை சொல்லி மறுபடி வெளியிட்டார். நமக்கு வேண்டியது 1925 வடிவம். எழுத்து அட்டை ஆங்கிலத்தில் இருக்குமே என்றால், அதற்கு நம் ஆட்களிடம் பழைய வழி ஒன்று இருந்தது. பேசாப் பட காலத்தில் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று உரத்த குரலில் கதை சொல்லுவார். அந்த வேலையை வீட்டில் ஒருவருக்குக் கொடுங்கள். எங்கள் வீட்டில் உயர்தரம் படிக்கும் மருமகள் செய்தாள். முதல் நாளே படத்தைப் பார்த்து, அட்டைகளைத் தமிழில் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டாள். அவள் குரலில் கேட்டதால் பேசாத படம் எங்கள் ஊர்த் தமிழ் பேசியது. இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நாள் பார்த்தல்

வாடை மழை ஐப்பசியில் தொடங்கினால் தை வரை முற்றத்தை நம்ப முடியாது. வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று அடிக்கும். திரைத் துணி பாய்மரம் மாதிரி உப்பும். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை எங்களுக்கு வாய்ப்பான காலம். மற்ற மாதங்களில் விறாந்தையில் அல்லது மண்டபத்தில் வைக்கலாம், அதற்கும் கீழே வழி சொல்கிறேன்.

நிலவையும் பாருங்கள். பூரணைக்கு முதல் நாட்களில் மாலையிலேயே நிலவு மேலே நிற்கும், படம் வெளிறிப் போகும். பூரணை கழிந்தபின் ஒவ்வொரு நாளும் நிலவு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தித்தான் எழும். நாலைந்து நாள் கழித்து வைத்தால் படம் முடியும் வரை இருட்டு, ஆட்கள் வீட்டுக்குப் போகும்போது வழியில் நிலவு. இதைவிட நல்ல ஒழுங்கு வேறில்லை.

வெள்ளி, செவ்வாய் வேண்டாம். பாதி வீடுகள் மரக்கறி. சனிக்கிழமை நல்லது. பிள்ளைகளின் பரீட்சைக் காலத்தில் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகக் கூடாது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் கிழமையில் யாரும் வரமாட்டார்கள், வரவும் கூடாது. மே நடுப்பகுதியும் நவம்பர் கடைசிக் கிழமையும் நம் ஊரில் பல வீடுகளில் போரில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றி அழுகிற நாட்கள். அந்த நாட்களில் முற்றத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கக் கூடாது.

அழைப்பை ஒரு கிழமைக்கு முன்னரே சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் போட்டாலும் வயதானவர்களுக்கு நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை. கேட்க வேண்டியவை மூன்று: மச்சமா மரக்கறியா, சீனி வருத்தம் உள்ளவர் உண்டா, திரும்பிப் போக வாகனம் இருக்கிறதா. ஏழு மணிக்குப் படம் என்றால் ஆறேகாலுக்கு வரச் சொல்லுங்கள்.

திரை: ஒரு எட்டு முழ வேட்டி போதும்

காசு கொடுத்துத் திரை வாங்க வேண்டாம். நல்ல வெள்ளை எட்டு முழ வேட்டி ஏறக்குறைய 3.6 மீற்றர் நீளம், ஒன்றேகால் மீற்றர் அகலம். ஒற்றைத் துணியில் வெளிச்சம் ஊடுருவிப் பின்பக்கம் போய்விடும். ஆகவே நடுவில் மடித்து இரட்டையாக்குங்கள். இப்போது 1.8 மீற்றருக்கு 1.25 மீற்றர். பழைய பேசாப் படங்களின் சட்டம் இன்றைய படங்களைப் போல நீண்டது அல்ல. நாலுக்கு மூன்று என்ற கணக்கு. 1.25 மீற்றர் உயரத்துக்கு அகலம் 1.67 மீற்றர் வரும். மடித்த வேட்டிக்குள் படம் அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்காரும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. கரை இல்லாத வேட்டியாகவோ, ஒடுக்கமான கரை உள்ளதாகவோ பாருங்கள்.

மடிப்பு ஒரு பக்கமாக வரும்படி பிடித்து, மேல் விளிம்பை ஒரு மூங்கிலில் அல்லது நேரான கம்பில் இணைத்து இரண்டு மரத்துக்கு நடுவே கட்டுங்கள். கீழேயும் ஒரு கம்பு. அதன் பாரம் துணியை இழுத்துப் பிடிக்கும். முதல் நாள் நீவி வைத்த வேட்டியைக் கட்டும்போது தண்ணீர் தெளித்து இழுத்துக் கட்டினால் காய்ந்ததும் சுருக்கம் போய்விடும். கீழ் விளிம்பு நிலத்தில் இருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கட்டும். அப்போதுதான் பின்னால் இருப்பவர்களுக்கு முன்னால் இருப்பவர்களின் தலை மறைக்காது.

புரொஜெக்டரைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. சனசமூக நிலையத்தில், பாடசாலையில் படிப்பிக்கும் உறவினர் மூலம், அல்லது கல்யாண வீடியோ எடுப்பவர்களிடம் வாடகைக்குக் கிடைக்கும். எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கருவியின் கையேட்டில் 'த்ரோ ரேஷியோ' என்று ஓர் எண் இருக்கும். அதை அது வீசும் முழு அகலத்தால் பெருக்கினால் தூரம் வரும். இன்றைய கருவிகள் பதினாறுக்கு ஒன்பது என்ற சட்டத்தில் வீசும். 1.25 மீற்றர் உயரம் வேண்டும் என்றால் முழு அகலம் 2.2 மீற்றர். எண் 1.2 ஆக இருந்தால் 2.64 மீற்றர், அதாவது ஏறக்குறைய ஒன்பது அடி. 1.5 ஆக இருந்தால் பதினொரு அடி. இரண்டு பக்கமும் மிஞ்சுகிற பகுதி கறுப்பாகத்தான் இருக்கும், இருட்டில் தெரியாது. சூரியன் நம் பக்கத்தில் ஆண்டு முழுவதும் ஆறு மணிக்கு அண்மையில்தான் மறைகிறது. ஏழு மணிக்கு நல்ல இருட்டு, மலிவான சிறிய கருவியே போதும்.

ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழே வையுங்கள். படம் முன்னால் தெரிய, சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டால் மனம் ஒன்றாது. பேசும் படத்துக்கு புளூடூத் வேண்டாம். சத்தம் சற்றுப் பிந்தும், வாய் ஒரு பக்கமும் வார்த்தை ஒரு பக்கமுமாகப் போகும். வயர் மாட்டுங்கள். பேசாப் படத்துக்கு அந்தக் கவலையும் இல்லை.

மழை வந்தால் அல்லது ஆட்கள் எட்டுப் பேருக்கு உட்பட்டால், வீட்டு ரீவியை விறாந்தைக்குக் கொண்டுவந்து வையுங்கள். முற்றத்தின் குளிர்ச்சி கிடைக்காது, மற்றதெல்லாம் கிடைக்கும்.

கரண்ட் போனால்?

போகும் என்று நினைத்துத்தான் ஆயத்தம் செய்ய வேண்டும். சிறிய எல்ஈடி புரொஜெக்டர் 70 வற் அளவு இழுக்கும். ஸ்பீக்கர் 15. இன்வேர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து 100 வற் என்று வையுங்கள். 12 வோல்ற், 40 அம்பியர்-மணி பற்றரியில் இருப்பது 480 வற்-மணி. பற்றரி கெடாமல் இருக்க அதில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 240. அப்படியென்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும்; படம் முடிந்துவிடும். உழவு இயந்திரப் பற்றரியோ ஓட்டோப் பற்றரியோ எது என்றாலும் அதன் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து இதே கணக்கைப் போடுங்கள்.

படத்தை முதலே இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பக்கம் இரவு நேரத்தில் இன்ரநெற் இழுபடும். வயர்கள் ஆட்கள் நடக்கிற பக்கத்தால் போகக் கூடாது. போயே ஆகவேண்டும் என்றால் மேலே ஒரு சாக்கைப் போட்டு மண் தூவிவிடுங்கள்.

சாப்பாடு: சப்பாத்து தின்னும் விருந்து

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

பனிப்புயலில் மாட்டிக்கொண்ட சாப்ளினும் அவரது கூட்டாளியும் பசி தாங்காமல் காலில் போட்ட சப்பாத்தை அவித்துத் தின்னும் காட்சி உலகம் முழுக்கத் தெரிந்தது. அதை அவர் விருந்துச் சாப்பாடு போலத் தட்டில் வைத்து, கத்தியால் வெட்டி, சப்பாத்துக் கயிற்றை நூடில்ஸ் மாதிரிச் சுற்றி எடுத்து, ஆணிகளைக் கோழி எலும்பு போலச் சூப்புவார். உண்மையில் அந்தச் சப்பாத்து அதிமதுர மிட்டாயில் செய்தது. தொண்டைக் கமறலுக்கு நம் வீடுகளில் வாயில் போடும் அதே அதிமதுரம். திரும்பத் திரும்ப எடுத்ததில் கூட நடித்த மக் ஸ்வெய்னுக்கு வயிறு கலங்கிவிட்டது என்று சொல்வார்கள்.

இந்தக் காட்சியை முதலில் பார்த்தபோதே என் மனதில் வந்தது பினாட்டு. பனம்பழக் களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்து எடுத்த பினாட்டைப் பாருங்கள். கருங்கபில நிறம், தோல் போல வளையும், கடித்தால் இழுபடும். சப்பாத்தின் அடிப்பாகம் வேறு எப்படி இருக்கும்? அங்கிருந்து முழுச் சாப்பாட்டையும் கட்டினோம்.

அடிப்பாகத்துக்கு பினாட்டு. கத்தரிக்கோலால் பிள்ளைகளின் கால் அளவுக்கு வெட்டுங்கள், அவர்களையே வெட்டவிடுங்கள். காய்ந்து முறுகியிருந்தால் ஈரத் துணியில் ஒரு மணித்தியாலம் சுற்றி வைக்க இளகும். பாணியில் ஊறிய பினாட்டு கிடைத்தால் இன்னும் ருசி, ஆனால் வெட்டிய வடிவம் நிற்காது. அம்மம்மாவுக்கும் பல்லில்லாதவர்களுக்கும் அதைக் கொடுங்கள்.

கயிற்றுக்கு குரக்கன் இடியப்பம். வெள்ளை இடியப்பம் கயிறு போல இராது, நிறம் வேண்டும். குரக்கன் மா பாதி, அவித்த கோதுமை மா பாதி. குரக்கன் மாவைக் கூடுதலாக வறுக்க வேண்டாம், இளஞ்சூட்டில் மணம் வரும் வரை மட்டும் வறுத்து அரியுங்கள். கொதித்த தண்ணீரில் உப்புப் போட்டு, மாவில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறி, கை பொறுக்கிற சூட்டில் குழையுங்கள். இறுகினால் உரலில் பிழியக் கை நோகும். தளர்ந்தால் நூல் ஒன்றோடொன்று ஒட்டும். குரக்கனுக்குத் தண்ணீர் சற்றுக் கூடப் பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு கிலோ மாவுக்குச் சின்னத் தட்டில் 45 இடியப்பம் அளவு வரும். பெரியவருக்கு ஆறு, பிள்ளைக்கு மூன்று என்று எண்ணினால், பாதிப் பேர் பிள்ளைகளாக உள்ள பன்னிரண்டு பேருக்கு ஒன்றேகால் கிலோ போதும். பந்திக்கு வழக்கம் போல வட்டமாகப் பிழியுங்கள். பினாட்டுச் சப்பாத்து வைக்கும் கோப்பைக்கு மட்டும் தட்டின் நீளத்துக்கு நேர் நேராக இழுத்துப் பிழிந்து அவித்தால் பிள்ளைகள் முள்ளுக்கரண்டியில் சுற்றி எடுக்கலாம்.

ஆணிக்கு எலும்போடு ஊர்க்கோழி. பன்னிரண்டு பேருக்கு இரண்டரைக் கிலோ. ஊர்க்கோழி வேக நேரம் எடுக்கும், மத்தியானமே அடுப்பில் ஏற்றுங்கள். குழம்பாக வைக்காமல் பிரட்டலாக இறக்குங்கள். மடியில் வைத்துச் சாப்பிடுகிறவர்களின் உடுப்பில் வழியாது. மரக்கறிக்காரருக்கு முருங்கைக்காய்ப் பிரட்டல். சொல்லப்போனால் இந்தக் காட்சிக்குக் கோழியைவிட முருங்கைக்காய்தான் பொருத்தம். சூப்பிவிட்டுச் சக்கையைக் கோப்பை ஓரத்தில் வரிசையாக வைப்பதைப் பாருங்கள், சாப்ளின் ஆணிகளை வைப்பதேதான்.

அதோடு தேங்காய்ப்பால் சொதி, ஒரு சம்பல். சொதியை இருட்டில் பரிமாற வேண்டாம்.

பனிக்கு எருமைத் தயிர். படத்தில் தெரியும் பனியில் பெரும்பகுதி ஸ்ரூடியோவில் உப்பும் மாவும் சுண்ணச்சாந்தும் கொண்டு செய்தது. நமக்கு மண்சட்டியில் உறைந்த தயிர் போதும். சட்டியை அப்படியே நடுவில் வைத்து, மேலே காட்டுத் தேனோ பனம்பாணியோ விடுங்கள். பிள்ளைகள் மலை என்று சொல்லிக் கரண்டியால் வெட்டுவார்கள். பங்குனி வெக்கையில் வியர்த்துக்கொண்டு பனிப்புயல் பார்க்கும்போது குளிர்ந்த தயிர் தொண்டையில் இறங்குகிற சுகமே தனி. சின்னவர்களுக்கு ஆளுக்கு ஓர் ஐஸ்பழமும் வாங்கி வையுங்கள்.

கடைசியாக பணிஸ், அதாவது பன். படத்தின் பிற்பகுதியில் புத்தாண்டு இரவில் சாப்ளின் இரண்டு முள்ளுக்கரண்டியில் இரண்டு பணிசைக் குத்தி, கால்கள் மாதிரி மேசையில் நடனம் ஆடவைப்பார். பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோவில் கிம்புலா பணிஸ் என்ற முதலை வடிவ நீண்ட பணிஸ் வாங்கி நடுவால் வெட்டுங்கள். நீண்டு கூர்ந்த பாதம் தயார். அந்தக் காட்சிக்குச் சற்று முன் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கூரான முள்ளுக்கரண்டி வேண்டாம், ஈர்க்குக் கட்டையை மழுக்கிக் கொடுக்கலாம்.

இதை எழுதும்போது அந்த இரவு கண்ணுக்குள் வருகிறது. அந்தக் காட்சியில் சாப்ளின் மேசையை அலங்கரித்து, கோழி வாட்டி, விருந்தாளிகளுக்காகக் காத்திருப்பார். யாரும் வரமாட்டார்கள். நடனம் அவர் காணும் கனவு. பிள்ளைகள் பணிசை ஆட்டிக்கொண்டு சிரித்தார்கள். அம்மம்மா சிரிக்கவில்லை. "ஐயோ பாவம், சமைச்சு வச்சிட்டு இருக்குது, ஒருத்தரும் வரேல்லையே" என்று மெல்லச் சொன்னார். ஒரு காலத்தில் அவர் இரவு இரவாகச் சோற்றைத் தண்ணீர் ஊற்றி வைத்துக் காத்திருந்தது எங்களுக்குத் தெரியும். சித்தி அவர் பக்கத்தில் போய் இருந்து கையைப் பிடித்துக்கொண்டார். படத்தை நாங்கள் நிறுத்தவில்லை.

இருக்கை, நுளம்பு, பாதை

முன்னால் பன்பாய், அதற்குப் பின்னால் வாங்கு, கடைசியில் கதிரை. முதுகு நோகிற பெரியவர்களைக் கடைசி வரிசையின் நடுவில் இருத்துங்கள். ஓரத்தில் இருந்தால் பக்கத்தில் போகிறவர்கள் இடிப்பார்கள். புரொஜெக்டருக்கும் திரைக்கும் நடுவில் நடைபாதை விடாதீர்கள்.

நுளம்புக்கு வேப்பிலையும் நொச்சி இலையும் போட்டுப் புகை மூட்டுங்கள், ஆனால் படம் தொடங்க அரை மணித்தியாலம் முன்பு. படம் ஓடும்போது புகைத்தால் வெளிச்சக் கற்றைக்குள் புகை ஆடும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் ஆகாது. முதல் மழைக்குப் பிறகு ஈசல் வரும். அப்போது வேலிப் பக்கம் ஒரு பெரிய வாளித் தண்ணீருக்கு மேல் பல்ப் ஒன்றை எரியவிட்டால் பெரும்பகுதி அங்கே போய் விழும்.

கிணற்றடிக்கும் கழிப்பறைக்கும் போகும் வழியில் வெளிச்சம் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அந்தக் காலத்து ஜாம் போத்தல் விளக்கு இரண்டு இன்னும் இருக்கிறது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெயும் பஞ்சும் போட்டு எரித்தவை. அவற்றைப் பாதையில் வைத்தோம். மலைக்குடிசை போலவும் இருந்தது, இளையவர்களுக்குச் சொல்ல ஒரு கதையும் கிடைத்தது. வேட்டித் திரைக்கும் வயருக்கும் பக்கத்தில் நெருப்பு வேண்டாம். பாம்பு பூச்சிக்குப் பயந்து கையில் ஒரு ரோச் எப்போதும் இருக்கட்டும். காட்டோரக் கிராமங்களில் யானை நடமாட்டம் இருக்கிற நாட்களில் முற்றத்தை மறந்துவிட்டு வீட்டுக்குள் வையுங்கள்.

அன்றைய பொழுது எப்படிப் போக வேண்டும்

முதல் நாள் மாலை, இருட்டினதும், திரையைக் கட்டிப் படத்தை ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். புரொஜெக்டர் வைத்த இடத்தில் நிலத்தில் கல் ஒன்று அடையாளம் போடுங்கள். சப்பாத்துக் காட்சி எந்த நிமிடத்தில் முடிகிறது, பணிஸ் நடனம் எந்த நிமிடத்தில் வருகிறது என்று கொப்பியில் குறியுங்கள்.

அன்று மத்தியானம் கோழி. நாலு மணிக்கு இடியப்பம் பிழியத் தொடங்கினால் ஆறுக்கு முடியும். அவித்ததை ஈரத் துணி விரித்த பெட்டியில் அடுக்கி மூடுங்கள். ஐந்து மணிக்கு முற்றம் கூட்டித் தண்ணீர் தெளியுங்கள். ஆறேகாலுக்கு ஆட்கள் வருவார்கள். இஞ்சி போட்ட பிளேன்ரீயும் கச்சானும். ஆறரைக்குப் புகை.

ஏழு மணிக்குப் படம். சப்பாத்தைத் தின்று முடித்த இடத்தில் நிறுத்துங்கள். படத்தின் முதற்பகுதியிலேயே அது வந்துவிடும். இடைவேளை அவ்வளவு சீக்கிரமா என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும். பசியைப் பார்த்த சூட்டோடு பந்தி போட்டால்தான் இந்த விருந்துக்கு அர்த்தம். விளக்கைப் போட்டு, கைகழுவ வாளியும் செம்பும் வைத்து, முதலில் சப்பாத்துக் கோப்பையைத் திரைக்கு முன்னால் கொண்டுவாருங்கள். பிறகு எல்லோருக்கும். முக்கால் மணித்தியாலம் கொடுங்கள். இந்த நேரத்தில் புரொஜெக்டரை நிறுத்திவிடுங்கள், அதற்கும் சூடு ஆறும்.

எட்டேகால் அளவில் மறுபடி தொடங்கினால் ஒன்பதரைக்கு முடியும். தயிர் இந்த இரண்டாம் பகுதிக்கு. கிண்ணத்தில் கரண்டியோடு இருட்டிலும் சாப்பிடலாம்.

இன்னும் இரண்டு யோசனை

கடல் இரவு ஒன்று வைக்கலாம். இலங்கைத் தமிழ்ப் படங்களில் 1978இல் வந்த 'வாடைக்காற்று', செங்கை ஆழியானின் நாவலில் இருந்து எடுத்தது, மீனவர்களின் கதை. பிரதி கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் கடலைப் பற்றிய எந்த நல்ல படமும் சரி. சாப்பாடு ஒடியல் கூழ்தான். முல்லைத்தீவு மீன், நந்திக்கடல் இறால், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து மேல் தண்ணீரை ஊற்றிவிட்டால் கசப்புப் போகும். பனையோலையை மடித்துப் பிளா என்ற குடிகலம் கோலி அதில் ஊற்றிக் குடியுங்கள். கூழ் ஆறக் கூடாது, இருட்டில் மடியில் ஊற்றிக்கொள்ளவும் கூடாது. ஆகவே கூழைக் குடித்து முடித்துவிட்டுத்தான் படம்.

மற்றது, பெரியவர்களின் இரவு. வீட்டில் மூத்தவரைக் கேளுங்கள்: கொட்டகையில் முதல் முதல் பார்த்த படம் எது, அன்று என்ன சாப்பிட்டீர்கள்? அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து, அந்தச் சாப்பாட்டையே செய்யுங்கள். வடையும் வெறுந்தேத்தண்ணியும் என்றால் அதுவே போதும். படம் தொடங்க முன் அவர் எழுந்து அந்த நாளைச் சொல்லட்டும். எங்கள் மாமா இருபது நிமிடம் சொன்னார். யாரும் போனை எடுக்கவில்லை.

முடிந்த பிறகு

தனியாக வந்த பெண்களையும் வயதானவர்களையும் வீடு வரை கொண்டுபோய் விடுங்கள். புரொஜெக்டரின் காற்றாடி நின்ற பிறகே வயரைக் கழற்றுங்கள். வேட்டியை அன்றிரவே அவிழ்த்து எடுத்துவிடுங்கள், விட்டால் பனியில் நனைந்து புள்ளி விழும். பினாட்டுத் துண்டுகளை எறும்பு பிடிக்காமல் போத்தலில் போட்டு மூடுங்கள். மிஞ்சிய இடியப்பத்தை உதிர்த்து வையுங்கள். காலையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்து, மிஞ்சிய கோழிப் பிரட்டலையும் போட்டுக் கிளறினால் இடியப்பக் கொத்து. முதல் நாள் வரமுடியாத பக்கத்து வீட்டுக்கு ஒரு கோப்பை கொடுத்தனுப்புங்கள்.